அன்று மத்தியானம் முன்ரூமில் எடுத்த அளவு

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். முப்பத்து நான்கு வருஷம் அரசாங்க உத்தியோகத்தில் மின்பிரிவில் இருந்தவன். மீட்டர் காட்டுவதை நம்புவேன், மனுஷர் சொல்வதை மீட்டர் வைத்துப் பார்த்தபின் நம்புவேன். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் கொலுசுச் சத்தம் கேட்கிறது என்று வருஷக்கணக்காக ஒரு பேச்சு உண்டு, நான் போய்ப் பார்த்து, தண்ணீர்க் குழாயின் வால்வுக்குள் மாட்டிக் கிடந்த கம்பித் துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன், அதற்கப்புறம் கொலுசு கேட்கவில்லை, அந்த வீட்டு மாமிக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம்கூட. அப்படிப்பட்டவன் இப்போது இதைச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்தது நீங்கள் சிரிப்பீர்கள் என்பதற்காக இல்லை, பயத்தினாலும் இல்லை. வெட்கத்தினால்தான். கேட்டு முடித்தால் உங்களுக்கே தெரியும்.

திருவனந்தபுரத்தில் வலியசாலையில் இருக்கிறோம். வரிசை வீடுகள், இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர்தான் நம் சுவர், அகலம் கம்மி, நீளம் அதிகம், ஒரு அறையைத் தாண்டித்தான் அடுத்த அறைக்குப் போக முடியும். தெருவைப் பார்த்த முதல் அறைக்கு முன்ரூம் என்று பேர். வீடு என் மாமனாருடையது, இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொன்னால் மறைத்தேன் என்பீர்கள். என் மனைவி லலிதா அவருக்கு ஒரே பெண். கல்யாணமான புதிதில் வாடகை வீடு கிடைக்கும்வரை என்று வந்தவன், முப்பது வருஷமாக இங்கேதான் சாப்பிடுகிறேன். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். முன்ரூமில் ஜன்னலோர மூலையில் அவருடைய மரக்கட்டில், அதில் ஒரு முழம் கனத்துக்கு இலவம்பஞ்சு மெத்தை. அந்த ஜன்னலில் உட்கார்ந்து தெருவில் போகிற வருகிற அத்தனை பேரையும் விசாரித்து அனுப்புவது அவருடைய வேலை.

நான் ரிட்டயர் ஆனதும் எனக்கென்று ஒரு ஸ்டீரியோ செட் வாங்கினேன். உயரமான இரண்டு ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபையர், ஸ்வரங்களைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற ஒரு ஈக்வலைஸர். நாதஸ்வரம் கேட்பதற்கு. சின்ன வயதிலிருந்து ஆசை. ஆனால் எல்லாரும் செய்கிற தப்பைத்தான் நானும் செய்தேன், பெட்டியைப் பார்த்தேனே தவிர அறையைப் பார்க்கவில்லை. எதிரெதிரே இரண்டு வெறும் சுவர் இருந்தால், தாழ்ந்த ஸ்வரம் ஒன்று அந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு போய்த் தொலையாமல் நிற்கும். தவிலில் ஒரு தட்டு விழுந்தால் தொம் என்று விழுந்து நிற்க வேண்டியது, தொம்ம்ம் என்று அறை முழுக்க உருளும். எந்த ஸ்வரம் மாட்டிக்கொள்ளும் என்பது அறையின் அகலத்தைப் பொறுத்தது. அதனால் முதல் வேலையாக அறையை அளந்தோம். டேப்பின் மறுமுனையைப் பிடித்தது மாமாதான், எண்பத்திரண்டு வயதில் முழங்காலிட்டு உட்கார்ந்து பிடித்தார்.

"மூணு மீட்டர் பதினெட்டு, மாப்பிளே. எழுதிக்கோங்கோ. சுவர் ஒண்ணும் நேரில்லே, கேட்டேளா, தெக்கே ஒரு விரக்கடை கூடுதலாக்கும்."

அந்த அகலத்துக்குக் கணக்குப் போட்டால் ஐம்பத்து நான்கு ஹெர்ட்ஸ் வரும். அதுதான் எங்கள் அறையில் மாட்டிக்கொள்ளும் ஸ்வரம். பிறகு அளக்கிற மைக் ஒன்றை என் நாற்காலியில் காது உயரத்துக்கு நிறுத்தி, லேப்டாப்பிலிருந்து ஒரு ஊளையை விட்டேன். அடிமட்டத்தில் ஆரம்பித்து மேலே மேலே ஏறிப் போகிற ஊளை, ஸ்வீப் என்பார்கள். அறை அதற்கு என்ன பதில் சொல்கிறது என்பதைக் கம்ப்யூட்டர் கோடாகப் போட்டுக் காட்டும். மாமா கட்டிலில் படுத்திருந்தார், இருமக்கூடாது என்று சொல்லியிருந்தேன், வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். நம்பினால் நம்புங்கள், கோடு நன்றாகவே வந்தது. ஐம்பத்து நான்கில் ஒரு சின்ன மேடு, அவ்வளவுதான். முதல் அளவு என்று பேர் போட்டு வைத்துக்கொண்டேன்.

அதோடு விட்டிருக்க வேண்டும். ஆனால் கட்டில் இருந்த மூலையில்தான் வலது ஸ்பீக்கர் நிற்க வேண்டும். கட்டில் இருந்ததால் அதைத் தள்ளி வைக்க வேண்டியிருந்தது, தள்ளி வைத்ததால் நாதஸ்வரம் நடுவில் நிற்காமல் இடது பக்கமாகச் சாய்ந்து கேட்டது. மற்றவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது. ஒரு முறை தெரிந்துவிட்டால் அப்புறம் அது மட்டும்தான் காதில் விழும். கேட்கிற ஒவ்வொரு நாளும் அந்தக் கட்டில் என் கண்ணை உறுத்த ஆரம்பித்தது.

அடுத்த வருஷம் மாமாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. எதைக் கேட்டாலும் "ம்" என்பார், அந்த ஒன்றுதான் பாக்கி. இடது கை மட்டும் நன்றாக இருந்தது. காலையில் ஒரு ஹோம் நர்ஸ் வந்து குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, பன்னிரண்டு மணிக்குப் போய்விடுவாள். லலிதாவுக்கு பாங்கில் வேலை, இன்னும் சர்வீஸ் இருக்கிறது. அதனால் மத்தியானம் முழுக்க வீட்டில் மாமாவும் நானும்தான்.

சாலைக் கடைவீதியில் மைக் செட் கடை வைத்திருக்கும் பைஜு என்று எனக்கு ஒரு சினேகிதன், மலையாளி, கோயில் உற்சவங்களுக்கெல்லாம் செட் போடுகிறவன். அவனைக் கூட்டி வந்து யோசனை கேட்டேன். அறை நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டினான். மாமாவைப் பார்த்துச் சிரித்தான். 

"சாரே, ஆ கட்டில் அவிடெத்தன்னே இருக்கட்டும். அந்தப் பஞ்சு மெத்தையும் அப்பூப்பனும் சேர்ந்துதான் உங்க பேஸை எல்லாம் குடிக்கறது. அதை எடுத்தா இந்த ரூம் சும்மா முழங்கும், கேட்டோ."

அப்பூப்பன் என்றால் தாத்தா, மாமாவைத்தான் சொன்னான்; பேஸ் என்றால் தாழ்ந்த ஸ்வரம். இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. மூலையில் கனமாக, மெத்தென்று ஒன்று இருந்தால் அது தாழ்ந்த ஸ்வரத்தை வாங்கிக்கொள்ளும், எனக்கே தெரிந்த விஷயம்தான். ஆனால் எனக்கு அந்த மூலை வேண்டியிருந்தது. லலிதாவிடம் மாமாவைப் பின்ரூமுக்கு மாற்றினால் பாத்ரூம் பக்கம், நர்ஸுக்கும் சௌகரியம் என்று சொன்னேன். ஸ்பீக்கர் பேச்சையே எடுக்கவில்லை.

"அப்பாக்குத் தெரு பாக்கணுமே," என்றாள். அப்புறம், "உங்களுக்குத் தோணறதைப் பண்ணுங்கோ."

மாற்றுகிற அன்றைக்கு அவள் பாங்கில் இருந்தாள். நானும் நர்ஸும்தான். சக்கர நாற்காலியில் அவரை உட்கார வைத்துத் தள்ளப் போனபோது நகரவில்லை, பார்த்தால் மாமா இடது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் விரலை ஒவ்வொன்றாக எடுத்து விட்டேன். சுண்டு விரலிலிருந்து ஆரம்பித்து. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் கம்பியைப் பார்த்துக்கொண்டு செய்தேன். அவர் வீட்டில், அவர் ஜன்னலில்.

பலன்? பைஜு சொன்னதுதான் நடந்தது. நாதஸ்வரம் நடுவுக்கு வந்தது, ஐம்பத்து நான்கில் இருந்த சின்ன மேடு மலையாக வளர்ந்தது. தவில் உருண்டது. ஈக்வலைஸரில் அந்த இடத்தை எவ்வளவு அமுக்கினாலும் நீட்டி முழங்குவது போகவில்லை, நாற்காலியை ஒரு அடி நகர்த்தினால் கணக்கே மாறியது. சாக்கு நிறையத் தேங்காய் நாரை அடைத்து மூலைகளில் நிறுத்தினேன், முன்ரூம் கொசுவுக்குக் கொண்டாட்டமாகப் போயிற்று, கோடு அசையவில்லை. தப்பு என்று தெரிந்தபிறகு மாமாவைக் கட்டிலோடு திரும்பக் கொண்டு வந்திருக்கலாம் இல்லையா? லலிதாவிடம் என்ன காரணம் சொல்வேன்? நர்ஸ் சௌகரியம் எங்கே போயிற்று என்று கேட்பாளே? அந்த வெட்கத்தில் இரண்டு மாசம் ஓட்டினேன்.

மாமாவுக்கு ஒரு பெல் வாங்கிக் கொடுத்திருந்தேன். கம்பி இல்லாத பெல், பித்தானை அவருடைய இடது பக்கம் கட்டிலில் கட்டியிருந்தேன், ஒலிக்கிற டப்பா முன்ரூமில் என் பக்கத்து பிளக்கில். அளவெடுக்கும்போது அது நடுவில் ஒலித்தால் மைக்கில் ஏறி எல்லாம் பாழ். அதனால் அளவெடுக்கிற ஐந்து நிமிஷத்துக்கு அதைப் பிளக்கிலிருந்து எடுத்து வைப்பேன், முடிந்ததும் சொருகுவேன். மொபைலை ஏரோப்ளேன் மோடில் போடுவேன், இல்லாவிட்டால் சிக்னல் வரும்போது ஸ்பீக்கரில் டர்ர் என்று ஒரு சத்தம் வரும். முன்ரூம் கதவுக்கு ரப்பர் பட்டை அடித்திருந்தேன், சாத்தினால் உள்ளே நடப்பது வெளியே கேட்காது, வெளியே நடப்பது உள்ளே கேட்காது. மூன்று மணிக்கு லலிதா டீ நேரத்தில் என் மொபைலுக்குக் கூப்பிடுவாள், "இதோ குடுக்கறேன்" என்று நான் போய் மாமாவின் காதில் வைப்பேன், அவள் பேசுவாள், அவர் "ம்" என்பார். அது தினப்படி வழக்கம்.

அன்றைக்குக் கும்ப மாசத்து வெயில், நம் மாசி. சாப்பிட்டுவிட்டு மாமாவை எட்டிப் பார்த்தேன், கண்ணை மூடிக்கொண்டிருந்தார். முன்ரூமுக்கு வந்து கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, பெல்லைப் பிளக்கிலிருந்து எடுத்து, மொபைலை ஏரோப்ளேன் மோடில் போட்டு ஆம்ப்ளிஃபையர்மேல் வைத்தேன். ஈக்வலைஸரை முழுக்க அணைத்துவிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிப்போம் என்று ஒரு ஸ்வீப் விட்டேன். மணி இரண்டே முக்கால் இருக்கும்.

மேடு இல்லை.

மைக் வயர் கழன்றுவிட்டது என்று நினைத்தேன். கழலவில்லை. பழைய கோப்பைத் திறந்துவிட்டேனோ என்று பார்த்தேன். இல்லை, அன்றைய தேதி, அந்த நிமிஷம். இன்னொரு தடவை விட்டேன், அதேதான். அப்புறம் சும்மா ஒரு சந்தேகத்தில், மாமா கட்டிலில் படுத்திருந்தபோது எடுத்த முதல் அளவை எடுத்து இதன்மேல் போட்டேன். இரண்டு நிறத்தில் இரண்டு கோடு வர வேண்டும். ஒரு கோடுதான் தெரிந்தது. இதன் அர்த்தம் உங்களுக்குப் புரிய வேண்டும். ஒரே அறையை அடுத்தடுத்து இரண்டு தடவை அளந்தாலே கோடு கொஞ்சம் விலகும், ஒரு நாற்காலி நகர்ந்தால் மாறும். இங்கே கட்டில் இல்லை, மெத்தை இல்லை, ஸ்பீக்கர் வேறு இடத்தில். எப்படி ஒன்றாகும்? எழுந்து நின்று கை தட்டிப் பார்த்தேன். சத்தம் எழும்பவே இல்லை, மூலை வாங்கிக்கொண்டது. அந்த மூலையைப் பார்த்தேன். ஸ்பீக்கர் நின்றது, அதன் பின்னால் சிவப்புத் தரையில் கட்டில் கால்கள் இருந்த இடம் வெளிறித் தெரிந்தது, அவ்வளவுதான். ஆனால் அங்கே ஆள் இருக்கிற அறை மாதிரி இருந்தது. ஒரு அறைக்குள் நுழையும்போது யாரோ தூங்குகிறார்கள் என்று பார்க்காமலே தெரியுமே, அந்த மாதிரி.

பயந்தேனா என்றால் இல்லை. சந்தோஷப்பட்டேன். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. காரணம் எப்படியோ போகட்டும், அறை சரியாகிவிட்டது என்று ஒரு தோடி எடுத்துப் போட்டேன், நாதஸ்வரமும் தவிலும். ஐயோ, அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. நாதஸ்வரம் அறை நடுவில் நின்றது. தவிலில் ஒவ்வொரு விரலும் தனித்தனியாக விழுந்தது, விழுந்து அங்கேயே நின்றது. கண்ணை மூடிக்கொண்டேன். நடுவில் ஒரு தடவை, மாமாவுக்கு நாதஸ்வரம் என்றால் உயிராயிற்றே, அவரைத் தள்ளிக்கொண்டு வந்து கேட்க வைக்கலாமே என்று ஒரு எண்ணம் வந்தது. சத்தியமாக வந்தது. முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். பெல் டப்பா என் மடியில் கிடந்தது.

மூன்றரைக்கு மேல்தான் கதவைத் திறந்தேன். பின்ரூமில் மாமா பாதி உடம்பு கட்டிலுக்கு வெளியே சரிந்து கிடந்தார். இடது கை பித்தான்மேல் இருந்தது. தொட்டுப் பார்த்தேன், சூடு போய்விட்டிருந்தது.

இப்போது சொல்லப் போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. டாக்டரைக் கூப்பிடுவதற்கு முன்னால், லலிதாவைக் கூப்பிடுவதற்கு முன்னால், அவரை நேராகப் படுக்க வைப்பதற்குக்கூட முன்னால், நான் முன்ரூமுக்கு ஓடி வந்து அந்த பெல்லைப் பிளக்கில் சொருகினேன். அதில் பச்சை விளக்கு எரிந்தது. அதற்கப்புறம்தான் திரும்பிப் போய் மாமாவைத் தூக்கிப் படுக்க வைத்தேன். அதற்கும் அப்புறம்தான் மொபைலை எடுத்தேன், அதில் இன்னும் ஏரோப்ளேன் படம் இருந்தது. அதை எடுத்துவிட்டுத் தெருக்கோடி டாக்டருக்கு அடித்தேன்.

டாக்டர் நாலு மணிக்குள் வந்து பார்த்தார். "கழிஞ்ஞிட்டு ஒரு மணிக்கூரில் கூடுதல் ஆயி," என்றார். போய் ஒரு மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது. லலிதா அப்போது இன்னும் வந்து சேரவில்லை. அவள் வந்தபோது அவளிடம், "பெல் அடிச்சுது, ஓடினேன், நான் போறதுக்குள்ளே…" என்றேன். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள்.

"நீங்கோ பக்கத்துல இருந்தேளே, எனக்கு அது மதி, அது போதும்," என்றாள்.

பத்தாம் நாள் திருநெல்வேலியிலிருந்து அவளுடைய சித்தி, சித்தப்பா எல்லாரும் வந்திருந்தார்கள். நான் கூடத்தில் ஒரு ஓரமாக இருந்தேன். லலிதா அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"அன்னிக்கும் மூணு மணிக்கு ஃபோன் பண்ணினேன் சித்தி. எப்பவும் இவர் இதோ குடுக்கறேன்னு சொல்லிட்டுக் குடுப்பார். அன்னிக்கு ஒண்ணுமே சொல்லாம அப்பா காதுல வெச்சுட்டார் போல இருக்கு, எடுத்ததுமே அப்பா மூச்சு விடறது கேட்டுது. பின்னாலே நாதஸ்வரம், தோடி, அவ்வளவு கிட்டக்க. அப்பாவை முன்ரூமுக்குக் கொண்டு வந்து பாட்டுக் கேக்க வெச்சிருக்கார்னு புரிஞ்சுது. எனக்கு அழுகையே வந்துடுத்து. அப்பா, உன்னைப் பின்னாடி மாத்தினதுல எனக்கு இஷ்டமில்லே, நான் வாயைத் திறக்காம இருந்துட்டேன், கோவமில்லையேன்னு கேட்டேன். ம்னார். பதினோரு நிமிஷம் பேசினேன். இவர் அன்னிக்கு அப்படிப் பண்ணலேன்னா எனக்கு அது கிடைச்சிருக்குமோ?"

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சித்தப்பா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார். பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்று இருந்தது எனக்கு. பாட்டு முடிந்ததும் நான் அவரைத் திரும்பக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தேன், கொஞ்ச நேரத்தில் பெல் அடித்தது என்று அவளே கதையைப் பொருத்திக்கொண்டிருந்தாள். நான் இல்லை என்று சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அவளுடைய மொபைலை அவளுக்குத் தெரியாமல் எடுத்துப் பார்த்தேன். இருந்தது. என் பேர், மூன்று மணி நான்கு நிமிஷம், பதினோரு நிமிஷப் பேச்சு. என் மொபைலில் அப்படி ஒரு அழைப்பே இல்லை. அது அப்போது ஆம்ப்ளிஃபையர்மேல், என் கண்ணுக்கு முன்னால், ஏரோப்ளேன் மோடில் கிடந்தது. டாக்டர் சொன்ன கணக்குப்படி மூன்று மணி நான்கு நிமிஷத்துக்கு மாமா இல்லை. கம்பெனி கோளாறு, வேறு நம்பர் மாட்டிக்கொண்டது என்று எல்லாம் நானும் யோசித்தேன், நீங்கள் சொல்லித்தர வேண்டாம். ரப்பர் பட்டை அடித்த கதவுக்கு உள்ளே நான் போட்ட தோடி வேறு எந்த நம்பரில் போய்க் கேட்கும்?

காரியமெல்லாம் முடிந்து மெத்தையைக் கொடுத்தாகிவிட்டது. அறையை மறுபடி அளந்தேன், எத்தனை தடவை என்று கணக்கில்லை. ஐம்பத்து நான்கில் அதே மலை. பைஜுவைக் கூப்பிட்டு, தேதியை மறைத்து, அன்றைய கோட்டை மட்டும் காட்டினேன். 

"இது கட்டிலும் ஆளும் உள்ளப்போ எடுத்தது, சாரே. சம்சயமே இல்லே," என்றான். 

தேதியைக் காட்டினேன். பார்த்தான். கட்டில் எப்போது மாறியது என்று அவனுக்குத் தெரியும். லேப்டாப்பைத் தானே மூடி வைத்தான், கடையில் ஆள் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனான், வைத்த டீயைத் தொடவில்லை.

லலிதாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று பல தடவை வாயெடுத்தேன். சொன்னால் பெல் விஷயம் வெளியே வரும், அது போகட்டும், நான் அதற்குத் தகுதிதான். ஆனால் அவளுடைய பதினோரு நிமிஷமும் கூடவே போய்விடுமே? இப்படி யோசிப்பதுகூட எனக்குச் சாதகமாகத்தான் யோசிக்கிறேனோ என்று சந்தேகமாக இருக்கிறது. இதற்கிடையில் அவள் எனக்குப் பரிமாறுகிற விதமே மாறிவிட்டது. முப்பது வருஷத்தில் இல்லாத பிரியம்.

போன மாசம் மாமாவின் ஆண்டு திதி. எல்லாம் முடிந்து வந்தவர்கள் போனபிறகு, அன்றைக்குப் போட்ட அதே தோடியைப் போடச் சொன்னாள். முன்ரூம் மூலையில் ஒரு நாற்காலியைப் போட்டு, அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். போட்டேன். தவில் உருண்டது. அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அன்னிக்கு மாதிரி இல்லையே," என்றாள்.

"ரூம் அப்படித்தான். ஒரு நாள் மாதிரி ஒரு நாள் இருக்காது," என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "கேக்கணும்னு நெனைச்சிண்டே இருந்தேன். அன்னிக்கு ஆலாபனை முடிஞ்சப்போ அப்பாகிட்ட நீங்கோ என்னமோ சொன்னேளே, ஃபோன்ல சரியாப் பிடிபடலே. என்ன சொன்னேள்?" என்றாள்.

உங்களிடம்கூட இதை நான் சொல்லாமல்தான் வந்தேன். அன்றைக்கு ஆலாபனை முடிந்த இடத்தில், சந்தோஷம் தாங்காமல், யாரும் இல்லாத அறையில் நான் வாய்விட்டு ஒரு வார்த்தை சொன்னேன். "கிழவரைக் கிளப்பினதுக்கு அப்புறம்தான் இது ரூமாச்சு" என்று சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். அதை நான் சொன்னது எனக்கு மட்டும்தான் தெரியும்.

"பிடிச்சிருக்கான்னு கேட்டேன்," என்றேன் லலிதாவிடம்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்படியா? அதான் அப்பா ம்னு சொன்னார். நீங்கோ சொல்லி முடிச்ச உடனே சொன்னார், அது எனக்கு நன்னாக் கேட்டுது."